இல்லமும் தொழிற்களமும்
வீட்டிலிருந்து உழைத்தலின் நன்மைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்று உலகின் பல நாடுகளிலும் அலுவலகக் கதவுகளை அடைத்தபோது, வீட்டிலிருந்தே பணிபுரிதல் ஒரு புதிய கண்டுபிடிப்புப் போலப் பேசப்பட்டது. பயணத்தில் வீணாகும் பொழுது மிச்சமாகின்றது, செலவு குறைகின்றது, எரிபொருள் சேமிக்கப்படுகின்றது, குடும்பத்தினருடன் கழிக்கும் நேரம் கூடுகின்றது என அதன் நன்மைகள் அடுக்கிச் சொல்லப்பட்டன. இவை பொய்யல்ல. எனினும், வீட்டிலிருந்து உழைத்தல் புதியதன்று. வேலைக்கென நாள்தோறும் நெடுந்தூரம் சென்று மீளும் வழக்கமே புதியது. மனித சமுதாயத்தின் நீண்ட வரலாற்றில் கைவினைஞர் பலருக்கு இல்லமே தொழிற்களமாக இருந்தது. இல்லமும் தொழிற்களமும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளே ஆகின்றன. ஆகவே, வீட்டிலிருந்து உழைத்தலின் நன்மைகளை மதிப்பிட முனைவோர், அவ்வாறு உழைத்தவர்களின் பழைய அனுபவத்தையும் கருத்திற் கொள்ளுதல் அவசியமாகும். கைத்தொழிற் புரட்சி முதன்முதலில் நிகழ்ந்த இங்கிலாந்தின் வரலாறு இவ்வகையில் தெளிவான சான்றுகளைத் தருகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் முதன்மையான கைத்தொழில் கம்பளி நெசவாகும். அது பெரும்பாலும் வீடுகளிலேயே நடைபெற்றது. பெண்கள் நூல் நூற்றனர். பிள்ளைகள் கம்பளியைச் சிக்கெடுத்தனர். ஆண்கள் தறியில் அமர்ந்தனர். 1720களில் வெளியான தமது பிரயாண நூலில் டானியல் டீபோ, யோர்க்ஷயரின் ஹலிபக்ஸ் பகுதி மலைச்சரிவுகளிற் சிதறிக்கிடந்த வீடுகளையும், ஏறக்குறைய வீட்டுக்கு வீடு வெளியே நீட்டிக் கட்டிக் காயவிடப்பட்டிருந்த துணிகளையும் வியப்புடன் வருணித்துள்ளார். அப்பகுதியில் இன்றும் எஞ்சியுள்ள பழைய நெசவாளர் இல்லங்களின் மேல்மாடியில் வரிசையாக அமைந்த சாளரங்களைக் காணலாம். தறிக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தருவதற்கென அமைக்கப்பட்டவை அவை. வீட்டின் கட்டட அமைப்பையே தொழில் நிர்ணயித்த காலம் அது.

அக்காலத்து வீட்டுத்தொழில் முழுவதும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. யோர்க்ஷயரின் சிறு நெசவாளருட் பலர் தாமே கம்பளியை வாங்கி, தம் குடும்பத்தினரின் உழைப்பால் துணியாக்கி, தாமே சந்தைக்குக் கொண்டுசென்று விற்றனர். 1779ஆம் ஆண்டில் ஹலிபக்ஸ் நகரில் இத்தகையோரின் விற்பனைக்கென 315 அறைகளைக் கொண்ட பெரியதொரு துணி மண்டபம் திறக்கப்பட்டமை அவர்களின் நிலைக்குச் சான்றாகும். மேற்கு இங்கிலாந்தின் குளொஸ்ரஷயர், வில்ற்ஷயர் ஆகிய பகுதிகளிலோ நிலைமை வேறு. அங்கே கம்பளியும் நூலும் முடிந்த துணியும் வணிகருக்கே உரியன. வணிகர் மூலப்பொருளை வீடுவீடாகக் கொடுத்தனுப்பினர். நூற்போரும் நெய்வோரும் செய்து கொடுத்த அளவுக்கேற்பக் கூலி பெற்றனர். இரு பகுதியினரும் வீட்டிலிருந்தே உழைத்தனர். இருவருக்கும் பயணம் இல்லை. ஆயினும், ஒருவர் தம் பொருளுக்கு உடைமையாளர். மற்றவர் பிறர் பொருளுக்குக் கூலியாள். வீட்டிலிருந்து உழைத்தலின் நன்மை எவ்வளவு என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. உடைமையும் அதனோடு சேர்ந்தே தீர்மானித்தது.

வீட்டுத்தொழிலாளி அனுபவித்த சுதந்திரங்களுள் முதன்மையானது நேரத்தின்மீது அவனுக்கிருந்த ஆட்சியாகும். திங்கட்கிழமையை ஓய்வு நாளாகக் கழித்துவிட்டு, வாரத்தின் பிற்பகுதியில் இரவு பகலாக உழைத்துத் துணியை முடித்துக்கொடுக்கும் வழக்கம் பரவலாகக் காணப்பட்டது. அத்திங்களைப் ‘புனித திங்கள்’ என அவர்கள் வேடிக்கையாக அழைத்தனர். வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய உழைப்பு செய்யவேண்டிய காரியத்தை அளவாகக் கொண்டதென்றும், பிந்திய உழைப்பு மணிக்கூட்டை அளவாகக் கொண்டதென்றும் விளக்கியுள்ளார். வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே கோடு கிழிக்காத அந்த முறைமையில், தோட்டத்தைக் கவனிக்கவும் பிள்ளையைத் தூக்கவும் தறியை நிறுத்திவிட்டு எழுந்து செல்ல முடிந்தது.

எனினும் இச்சுதந்திரம் கட்டற்றதன்று. தாம் கொடுத்த நூலில் ஒரு பகுதியைத் தொழிலாளர் ஒளித்து வைத்துக்கொள்கின்றனர் என்பது வணிகரின் தீராத குற்றச்சாட்டாக இருந்தது. அதன் விளைவாக 1777ஆம் ஆண்டில் யோர்க்ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய பகுதிகளின் மென்கம்பளித் தொழிலுக்கெனச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் முதலாளிமார் பரிசோதகர்களை நியமித்து வீட்டுத்தொழிலாளரைக் கண்காணிக்க வழி பிறந்தது. சந்தேகத்திற்குரிய வீடுகள் சோதனையிடப்பட்டன. இல்லம் தொழிற்களமாகும்போது, தொழிற்களத்தின் கண்காணிப்பும் இல்லத்தினுள் நுழைந்துவிடுகின்றது என்பதற்கு இது பழையதோர் உதாரணமாகும்.

இந்நிலையை இயந்திரங்கள் மாற்றின. ஹார்கிறீவ்சின் நூற்பு இயந்திரம் 1760களில் உருவானபோது அது குடிசையினுள்ளும் அடங்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் 1769ஆம் ஆண்டில் ஆர்க்றைற் உரிமம் பெற்ற இயந்திரத்தை இயக்க நீரின் ஆற்றல் வேண்டியிருந்தது. அவர் 1771இல் டாபிஷயரின் குறொம்போர்ட்டில் ஆற்றோரமாக ஆலையை நிறுவியதுடன், தொழிலாளருக்கான குடியிருப்புகளையும் அங்கே அமைத்தார். நூற்பு இவ்வாறு வீட்டைவிட்டு வெளியேறியது. நெசவு உடனே வெளியேறவில்லை. மாறாக, ஆலைகள் மலிவான நூலைக் குவித்ததனால் கைத்தறி நெசவாளருக்கு நூற்றாண்டின் இறுதியிற் பெருங் கிராக்கி ஏற்பட்டது. வருமானம் உயர்ந்தது, ஆயிரக்கணக்கானோர் புதிதாகத் தறியில் அமர்ந்தனர்.

இவ்வளர்ச்சியிலேயே வீழ்ச்சியின் வித்தும் இருந்தது. 1820களில் பிரித்தானியப் பருத்தித் தொழிலில் மட்டும் ஏறத்தாழ 240,000 கைத்தறி நெசவாளர் இருந்தனரென மதிப்பிடப்படுகின்றது. லங்காஷயரின் போல்ற்றன் நகரில் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரத்திற்கு 20 சிலிங்கிற்கு மேல் உழைத்த நெசவாளர், 1830 அளவில் 6 சிலிங்கும் பெறவில்லை. இதற்கு விசைத்தறி மட்டுமே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. 1813ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் இருந்த விசைத்தறிகள் ஏறத்தாழ 2,400 மட்டுமே. அதற்கு முன்பே கூலி சரியத் தொடங்கிவிட்டது. ஒருவரையொருவர் காணாது, தனித்தனி வீடுகளில் இருந்து, கிடைத்த கூலிக்கு நெய்ய முன்வந்த தொழிலாளர் கூட்டத்தின் பெருக்கமே முதற் காரணமாகும்.

வீட்டுத்தொழில் முதலாளிக்கு அளித்த நன்மையை இங்கு கூர்ந்து நோக்குதல் வேண்டும். தறியின் விலை அல்லது வாடகை, இரவில் எரிக்கும் மெழுகுதிரி, குளிர்காலத்து அடுப்பெரி, பாவுக்கு இடும் பசை ஆகிய செலவுகளை நெசவாளரே சுமந்தார். சந்தை மந்தமாகும்போது நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டால் வணிகருக்கு நட்டமில்லை; பட்டினி நெசவாளரின் வீட்டிலேயே நிகழும். விசைத்தறி ஆலைகளை நிறுவிய முதலாளிகள் சிலர், கிராக்கி மிகுந்த காலத்துக்கென மட்டும் கைத்தறிகளையும் பயன்படுத்தி வந்தமைக்கு இதுவே காரணம். நெசவாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்கவேண்டுமென யோன் பீல்டன் போன்ற பாராளுமன்ற உறுப்பினர் 1830களில் வாதாடினர். பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. 1850 அளவில் கைத்தறி நெசவாளர் தொகை ஏறத்தாழ 40,000 ஆகச் சுருங்கியது.

அத்துணை வறுமையிலும் பலர் ஆலைக்குச் செல்லத் தயங்கினர். ஆலை மணியோசைக்கு எழுவதும், தாமதத்திற்குத் தண்டம் இறுப்பதும், மேற்பார்வையாளரின் கண்முன்னே நிற்பதும் அவர்களுக்கு இழிவாகத் தோன்றின. ஆலைகளும் பெண்களையும் சிறுவரையுமே பெரிதும் விரும்பின. ஆனால் காலப்போக்கில் ஆலைத்தொழிலாளி பெற்ற ஒரு நன்மையை வீட்டுத்தொழிலாளி பெறவில்லை. அதுவே சட்டத்தின் காவல். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைப் பெரும்பாலும் தடைசெய்து, பரிசோதகர்களையும் நியமித்தது. 1847ஆம் ஆண்டின் சட்டம் பெண்களினதும் இளைஞரினதும் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாக வரையறுத்தது. இச்சட்டங்கள் ஆலையின் வாயிலோடு நின்றுவிட்டன. வீட்டின் கதவைத் தட்டவில்லை. 1777ஆம் ஆண்டின் சட்டம் முதலாளியின் நூலைக் காக்க வீட்டினுள் நுழைந்தது. தொழிலாளியின் உடலைக் காக்க எச்சட்டமும் அவ்வளவு விரைவாக நுழையவில்லை.

வீட்டையும் இயந்திரத்தையும் இணைக்க முடியாதா என்ற வினாவுக்கு ஆங்கிலேய நகரமொன்று விடைகாண முயன்றது. பட்டு ரிபன் நெசவுக்குப் பெயர்பெற்ற கொவென்றியில், 1850களில் வரிசை வீடுகளின் மேல்மாடிகள் தறிக்கூடங்களாக அமைக்கப்பட்டன. வரிசையின் ஒரு புறத்தே நிறுவப்பட்ட நீராவிப் பொறியின் ஆற்றல், சுழலும் தண்டுகளின் வழியாக வீட்டுக்கு வீடு கொண்டு செல்லப்பட்டது. 1857ஆம் ஆண்டில் காஷ் சகோதரர் கட்டத் தொடங்கிய வீடுகள் இவ்வகையிற் புகழ்பெற்றவை. திட்டமிட்ட நூறு வீடுகளில் 48 மட்டுமே கட்டப்பட்டன. நெசவாளர் குடும்பம் கீழே வாழ்ந்தது, மேலே உழைத்தது. ஆலைக்கு நடக்கும் அவசியம் நீங்கியது. ஆயின் பொறி ஓடும் வேளையிலேயே தறியும் ஓட முடிந்தது. ஆலையின் மணிக்கூடு அந்தத் தண்டுகளின் வழியே வீட்டினுள் வந்துவிட்டதெனலாம். 1860ஆம் ஆண்டில் பிரான்சுடன் செய்யப்பட்ட வர்த்தக உடன்படிக்கை அந்நியப் பட்டுக்கான தீர்வையை நீக்கியதும் கொவென்றியின் ரிபன் தொழில் நிலைகுலைந்தது. காஷ் வீடுகளின் மேல்மாடிகளும் பிற்பாடு ஒன்றிணைக்கப்பட்டு ஒரே ஆலையாக மாறின.

தொழில் வீட்டை விட்டு அகன்றமை முதற் கட்டம். வீடு தொழிலை விட்டு அகன்றமை இரண்டாங் கட்டம். தொடக்கத்தில் ஆலைத்தொழிலாளி நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே குடியிருந்தான். புகையிரதமே அத்தூரத்தை நீட்டியது. லண்டன் நகரின் உள்ளே பாதை அமைப்பதற்காக ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக மலிவுக் கட்டணத்தில் தொழிலாளருக்கான புகையிரதங்களை ஓட்டுமாறு பாராளுமன்றம் சில கம்பனிகளை நிர்ப்பந்தித்தது. 1864ஆம் ஆண்டில் கிரேற் ஈஸ்ரேண் கம்பனி மீது விதிக்கப்பட்ட நிபந்தனை இதற்கோர் உதாரணம். 1883ஆம் ஆண்டின் மலிவுப் புகையிரதச் சட்டம் இவ்வேற்பாட்டை விரிவுபடுத்தியது. இதனால் நெருக்கடி மிகுந்த நகரின் நடுவே வாழவேண்டிய கட்டாயம் தொழிலாளர் பலருக்குக் குறைந்தது. புறநகரில் நல்ல காற்றும் சற்று விசாலமான வீடும் கிடைத்தன. ஆனால் அதிகாலைப் புகையிரதத்தைப் பிடிப்பதற்கென விழித்தெழுந்த நேரத்திற்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. பயணச் சீட்டின் பணமும் கூலியிலிருந்தே சென்றது. உழைப்புக்குத் தேவையானதாக இருந்தும் உழைப்பாகக் கணிக்கப்படாத நேரம் என்னும் புதியதொரு வகை இவ்வாறு தோன்றியது.

ஆலையும் பயணமும் பெருகிய பின்பும் வீட்டுத்தொழில் மறையவில்லை. ஆடை தைத்தல், காகிதப் பெட்டி செய்தல் போன்ற தொழில்களில் அது நகரச் சேரிகளில் ஒளிந்து வாழ்ந்தது. 1906ஆம் ஆண்டில் லண்டனில் நடைபெற்ற கண்காட்சியொன்று, இத்தகைய தொழிலாளரின் குறைந்த கூலியையும் நீண்ட வேலைநேரத்தையும் பொதுமக்களின் கண்முன்னே நிறுத்தியது. அதனைத் தொடர்ந்த கிளர்ச்சியின் பயனாக 1909ஆம் ஆண்டிற் கூலிச் சபைகளை நிறுவும் சட்டம் நிறைவேறியது. தையல், பெட்டி செய்தல், பின்னல் வேலை முடித்தல், சங்கிலி செய்தல் ஆகிய நான்கு தொழில்களில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் இச்சபைகளுக்கு வழங்கப்பட்டது.

இச்சட்டத்தின் வலிமையைச் சோதித்தவர்கள் கிறேட்லி ஹீத் என்னும் ஊரின் பெண்கள். வீட்டுக் கொல்லைப்புறத்துப் பட்டறைகளில், பிள்ளைகளை அருகே வைத்துக்கொண்டு, இரும்பைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துச் சங்கிலி செய்தவர்கள் அவர்கள். வாரத்திற்கு ஐம்பது மணித்தியாலங்களுக்கு மேல் உழைத்தும் ஏறத்தாழ 5 சிலிங்கே பெற்றனர். கூலிச் சபை மணித்தியாலத்திற்கு இரண்டரைப் பென்ஸ் என விதித்தபோது, அதனைத் தள்ளிப்போடச் சட்டத்தில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி முதலாளிமார் பலர் அப்பெண்களிடம் விலகற் பத்திரங்களிற் கையொப்பம் பெற்றனர். 1910ஆம் ஆண்டின் ஓகஸ்ற் மாதத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் மேரி மக்காதரின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒக்ரோபர் 22ஆம் திகதி, கடைசி முதலாளியும் விதிக்கப்பட்ட கூலிக்கு இணங்க, போராட்டம் வெற்றியுடன் முடிவுற்றது. அப்பெண்கள் வீட்டுத்தொழிலை ஒழிக்குமாறு கோரவில்லை. அதற்குரிய விலையையே கோரினர். கைத்தறி நெசவாளருக்கு 1830களில் மறுக்கப்பட்டது, சங்கிலி செய்த பெண்களுக்கு 1910இற் கிடைத்தது. இடையில் மாறியது வேலைசெய்த இடமன்று, சட்டமும் சங்கமுமே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீட்டுத்தொழில் புதிய கருவியுடன் மீண்டது. 1939ஆம் ஆண்டில் ஐந்து வயதுச் சிறுமியாக அகதியாய் இங்கிலாந்து வந்துசேர்ந்த ஸ்ரெபனி ஷேர்லி, 1962ஆம் ஆண்டில் 6 பவுண் முதலுடன் கணினி மென்பொருள் நிறுவனமொன்றைத் தொடங்கினார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் தொழிலை இழந்த பெண்களை வீட்டிலிருந்தே பணிபுரிய அமர்த்தியமை அதன் சிறப்பாகும். தொடக்ககாலத்து ஊழியர் 300 பேரில் 297 பேர் பெண்கள் என அவர் கூறியுள்ளார். கொன்கோட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான மென்பொருள் பணியிலும் அந்நிறுவனம் ஈடுபட்டது. பின்னாளில் நிறுவனத்தின் பங்குகளிற் கணிசமான பகுதி ஊழியர் கைக்கு மாறியமை ஈண்டு நோக்கத்தக்கது. பிரயாணம் நீங்கியதோடு உடைமையிலும் பங்கு கிடைத்தமையே இவ்வுதாரணத்தை மேற்கு இங்கிலாந்துக் கூலி நெசவாளரின் நிலையிலிருந்து வேறுபடுத்துகின்றது.

பயணத்திற்குப் பதிலாகத் தொலைத்தொடர்பு என்னும் கருத்தினை 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ஜக் நில்ஸ் முன்வைத்தார். அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அக்கருத்துக்கு வலுவூட்டியது. எனினும் அதன் பலாபலன்களை முறையாக அளவிட்ட ஆய்வு பிற்காலத்ததே. சீனாவின் பெரிய பயண முகவர் நிறுவனமொன்றில், தொலைபேசி நிலைய ஊழியருள் விரும்பி முன்வந்தோரைக் கொண்டு 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஒன்பது மாதம் நடத்தப்பட்ட சோதனையை நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தனர். வீட்டிலிருந்து பணிபுரிந்தோரின் செயற்றிறன் 13 வீதம் உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அவ்வுயர்வில் ஏறத்தாழ 9 வீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அவர்கள் கூடுதலான நேரம் உழைத்ததனால் விளைந்தது. செயற்றிறனைக் கொண்டு நோக்கும்போது அவர்களின் பதவியுயர்வு வாய்ப்பும் குறைந்திருந்தது. சோதனையின் முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனிமையைக் காரணங்காட்டி அலுவலகத்திற்கே மீண்டனர். வீட்டில் வேலைக்கெனத் தனியறை உடையோரே இச்சோதனைக்குத் தெரிவுசெய்யப்பட்டனர் என்பதும் நினைவிற்கொள்ளற்பாலது.

இவ்வரலாற்றின் ஒளியிலேயே 2020ஆம் ஆண்டின் மாற்றம் மதிப்பிடப்படல் வேண்டும். பயண நேரம் மீண்டமை மெய்யான ஆதாயம். மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறுகுழந்தையின் தாய்மாருக்கும், நகரத்தை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கும் தொழிலின் வாயில் திறக்கப்பட்டமை அதனினும் பெரிய ஆதாயம். ஆனால் அன்று நெசவாளர் வாங்கிய மெழுகுதிரியின் இடத்தில் இன்று மின்கட்டணமும் இணையக் கட்டணமும் நிற்கின்றன. நூலைத் தேடிவந்த பரிசோதகரின் இடத்தில் விசைப்பலகையின் அசைவை எண்ணும் மென்பொருள் நிற்கின்றது. இவற்றை உணர்ந்த நாடுகள் சில சட்டத்தை வீட்டுவாசல் வரை கொண்டு சென்றுள்ளன. வீட்டுத்தொழிலாளரை ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்தவேண்டுமெனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996ஆம் ஆண்டிலேயே சமவாயமொன்றை நிறைவேற்றியது. வேலைநேரத்திற்குப் பின் தொடர்பறுத்து இருக்கும் உரிமை பிரான்சில் 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து பணிபுரிவதனால் ஏற்படும் மேலதிகச் செலவைத் தொழில்தருநர் ஏற்கவேண்டுமெனப் போர்த்துக்கல் 2021ஆம் ஆண்டிற் சட்டமியற்றியது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எரிபொருள் தட்டுப்பாட்டின் காரணமாக அரச ஊழியர் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர். கோப்பையும் கணினியையும் கொண்டு உழைப்போர்க்கு அது இயன்றது. கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும், ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் அது இயலவில்லை. பயணத்தைத் தவிர்த்தல் சிலருக்கு மட்டுமே எட்டும் சலுகையாக நின்றுவிடுமாயின், ஏனையோரின் பேருந்தும் புகையிரதமும் சீர்பெறுவதற்காகக் குரல் கொடுப்போர் தொகை குறைந்துவிடும் ஆபத்தும் உண்டு.

சுருங்கக் கூறின், வீட்டிலிருந்து உழைத்தல் இயல்பிலேயே விடுதலையுமன்று, சுரண்டலுமன்று. ஹலிபக்ஸ் நெசவாளருக்கு அது தற்சார்பைத் தந்தது. போல்ற்றன் நெசவாளருக்குப் பட்டினியைத் தந்தது. கிறேட்லி ஹீத் பெண்களுக்குப் போராடிப் பெற்ற கூலியைத் தந்தது. கருவி யாருடையது, செலவு யாரைச் சார்ந்தது, மிச்சமான நேரம் யார் கணக்கிற் சேர்கின்றது, தனித்தனி வீடுகளில் இருப்போர் ஒன்றுகூடிப் பேச வழியுண்டா என்பனவே அதன் பயனைத் தீர்மானிக்கும் வினாக்கள். பயணம் ஒழிந்ததால் மீண்ட பொழுது தொழிலாளிக்கே உரியதென்பதை உறுதிசெய்யும் சட்டமும் சங்கமும் அமையும் இடத்தில்தான், வீட்டிலிருந்து உழைத்தலின் நன்மைகள் உழைப்பவரின் நன்மைகளாகும்.